ரங்கூன் தந்தம்

அட்டைப் பெட்டிக்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் இரண்டு பல்.
மூடியில் பென்சிலால் எழுதியிருந்தது:
"பர்மா. விற்பனைக்கு அல்ல."
விலைச்சீட்டு அடியில் இருந்தது.

காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் ராக்கப்பன்
எனாமல் தூக்குவாளி, ரசம் போன கண்ணாடி,
யாரும் தேதி கிழிக்காத நாட்காட்டி
இவற்றுக்கு நடுவே வைத்திருந்தாராம்.
வனக்காப்பாளர் ஜெயமேரி ரசீது எழுதி
என் மேசைக்குக் கொண்டுவந்தார்.
யானையா, வேறா என்று ஒரு வரி வேண்டும்.
புதன்கிழமைக்குள்.

ராக்கப்பன் கூடவே வந்து வாசலில் நின்றார்.
"எண்பது வருஷத்துச் சாமான் மேடம்.
கப்பலேறிப் போனவங்க கொண்டாந்த தந்தம்."

யானைத் தந்தத்தை அறுத்தால்
குறுக்கும் மறுக்குமாகக் கோடு ஓடும்,
கோரைப்பாய்ப் பின்னல்போல.
இதை அறுத்தேன். பின்னல் இல்லை.
ஒன்றுக்குள் ஒன்று செருகிய காகிதக் குவளைகளை
நெடுக வெட்டியதுபோல் அடுக்கு.
முடி கருகும் வாடை அறையைவிட்டுப் போகவில்லை.

ஆவுளியா என்பார்கள் தொண்டிப் பக்கம்.
புத்தகத்தில் கடற்பசு.
யானைக்குத் தூரத்துச் சொந்தம்தான்;
இரண்டுக்கும் பால்காம்பு முன்னங்கை இடுக்கில்.
ஆகவே ராக்கப்பன் சொன்னது முழுப்பொய் அல்ல,
ஓர் ஆறு கோடி வருஷம் பிசகிய உண்மை.

ஆணுக்கு இந்தப் பல் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும்.
பெண்ணுக்கு அநேகமாக
எலும்புக்குள்ளேயே கிடந்துவிடும்.
இதன் நுனி தேயவே இல்லை.
மேல்தாடையை உளியால் பிளந்துதான் எடுத்திருக்க வேண்டும்.
அவளே அறியாத பல்லை
யாரோ அறிந்திருக்கிறார்கள்.

வருஷத்துக்கு ஒரு வளையம்.
லென்ஸ் ஆடாதிருக்க மூச்சைப் பிடித்து எண்ணுவேன்.
எட்டு, ஒன்பது: அகலமானவை. கடற்புல் கொழித்த காலம்.
பதினேழு மங்கல், ஏனென்று தெரியவில்லை.
இருபத்தாறு, இருபத்தேழு
மூச்சு வாங்கினேன். இடம் தவறியது.
மறுபடி ஒன்றிலிருந்து.

அவளும் அப்படித்தான்.
சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து
மூக்கை மட்டும் திறந்து மூடிக்கொண்டு
விட்ட இடத்துக்கே இறங்குவாள்.
புல்லை வேரோடு பிடுங்கித் தின்ற தடம்
ஏர் ஓட்டிய சால்போல மணலில் நீளும்.
பதின்மூன்று பதினாலு மாசம் சுமந்து ஒரே குட்டி.
அடுத்ததற்கு மூன்று வருஷமோ, ஏழு வருஷமோ.
வலைக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்.
மேலே வர முடியாத கொஞ்ச நேரம் போதும்.

போன மாசம் மணமேல்குடிப் பக்கம்
நாகூர்கனி என்பவர் தன் வலையைத் தானே அறுத்து
ஒன்றை வெளியே விட்டார்.
செல்போன் படத்தில் வால் பிளவு ஒரு நொடி தெரிந்தது,
அப்புறம் கலங்கல்.
அறுந்த வலைக்குப் பணம் கேட்ட அவர் மனு
ஜெயமேரியின் கோப்பில் இருக்கிறது.
ஒரு கையெழுத்து பாக்கி.

நாற்பத்தொன்று.
மூன்று தடவையும் நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டாவது மெலிந்திருக்கிறது.
புயல் புல்வெளியைச் சேற்றால் மூடிய வருஷமா,
குட்டிக்குப் பால் கொடுத்த வருஷமா?
பல் சொல்லாது.
படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டாவது பல்லின் அடிக்குழியை ஊசியால் கிளறினேன்.
எண்பது வருஷம் காய்ந்ததாகச் சொன்ன குழியில்
இளஞ்சிவப்பாய், இன்னும் பிசுபிசுப்பாய்
ஒரு சதைத் துணுக்கு.

வாசலை எட்டிப் பார்த்தேன்.
ராக்கப்பன் டீ குடிக்கப் போயிருந்தார்.
குடை மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது.

கை கழுவினேன்.
நகக்கண்ணில் இருந்த பல்தூள்
பால்போலக் கலங்கி இறங்கியது.
இந்தத் தெருத் தண்ணீர் கண்மாயோடு நின்றுவிடும்.
கடல் இங்கிருந்து பஸ்ஸில்
ஒன்றரை மணி நேரம்.